ஃப்ரீஸரில் இருந்த பூ

என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நாலு மணிக்கு நான் காப்பி போட்டேன். நல்ல தூக்கம் போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். காப்பி ஆறியது. சுடவைத்தேன். மறுபடியும் ஆறியது. ஐந்து பத்துக்கு உள்ளே போய்த் தோளைத் தொட்டேன்.

நடுவில் இருந்த அந்த எழுபது நிமிடத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மகன் மகேஷ்குமார் புனேயிலிருந்து ஓடி வந்தபோது, காப்பிக்கு எழுப்பப் போனேன், எழுந்திருக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அதன் பிறகு ஒரு வருஷம் பகலில் நான் கண்ணை மூடவில்லை. அந்தக் கட்டிலில் படுக்கவும் இல்லை. நாலு மணிக்கே எழுப்பியிருந்தால், ஆட்டோ பிடித்திருந்தால் என்று மனம் ஒவ்வொரு நாளும் அதே இடத்துக்குப் போய் நின்றது.

அவர் பெயர் ஜம்புலிங்கம். பம்பாய் செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். ஓய்வு பெற்றதும் முதலில் ரொட்டி சுட்டார், பிறகு சோப்பு காய்ச்சினார். மூன்றாவதாகப் பிடித்துக்கொண்டது பீர். நாங்கள் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். வீட்டில் வெங்காயம் சேர்க்காத நாட்கள்கூட உண்டு. அந்த வீட்டுச் சமையலறையில் மாதம் ஒரு ஞாயிறு காலை டேக்சா என்கிற பெரிய அலுமினியப் பாத்திரம் அடுப்பில் ஏறும். முளைகட்டி வறுத்த பார்லியின் சாறு கொதிக்கும். அதில் அவர் ஹாப்ஸ் என்ற காய்ந்த பூவை எடை போட்டு, நேரம் பார்த்துப் போடுவார். கசப்பும் வாசனையும் அந்தப் பூவிலிருந்துதான் வருமாம். கொடியில் பூக்கிற பூ. பச்சை இதழ்களை அடுக்கி வைத்த சின்னக் கூம்பு மாதிரி இருக்கும். காய்ந்தால் காகிதம். ஒருமுறை அவர் நீட்டிய கிளாஸில் ஒரு வாய் குடித்தேன். வேப்பங்கொழுந்தைச் சோடாவில் ஊறப்போட்ட மாதிரி இருந்தது. அதோடு சரி.

அந்தப் பூதான் எங்கள் வீட்டில் பெரிய தகராறு. அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் இமாசலத்திலிருந்து கிலோக் கணக்கில் அனுப்புவார். ஒரு தடவை பீர் காய்ச்ச நாற்பது கிராம் போதும். மிச்சமெல்லாம் என் ஃப்ரீஸருக்கு வந்து சேரும். காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டால் பூ கெட்டுவிடும், பழைய பாலாடைக்கட்டி நாற்றம் வந்துவிடும் என்பார். வெள்ளிக் காகிதப் பையில் போட்டு, காற்றையெல்லாம் கையால் அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டுவார். ஒட்டுவதற்கென்று பெண்கள் தலைமுடியை நேராக்கும் ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். கடைக்காரப் பெண் அவர் வழுக்கைத் தலையைப் பார்த்துவிட்டு, யாருக்கு அங்கிள் என்று கேட்டாளாம். ஒவ்வொரு பைக்கும் சீட்டு. பூவின் வகை, அறுவடை வருஷம், எடை, திறந்த தேதி எல்லாம் சோதனைக்கூடத்துக் கையெழுத்தில் இருக்கும். ஃப்ரீஸரின் மேல் தட்டு அவருடையது. ஐஸ் தட்டு வைக்க எனக்கு இடம் இருந்ததில்லை.

அவருக்குக் கூட்டாளி செல்வம். கோவண்டியில் இருக்கிற ஃப்ரிட்ஜ் மெக்கானிக், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். பையன் என்றால் நாற்பது வயது. எங்கள் ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்க வந்தவன், பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பீர் நொதிக்கும் சூட்டில் நிறுத்தி வைக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்து, அப்படியே ஞாயிற்றுக்கிழமை ஆளாகிவிட்டான். டிசம்பரில் ஃப்ரீஸரில் இருக்கும் மிச்சம் மீதியை எல்லாம் ஒன்றாகப் போட்டு ஒரு பீர் காய்ச்சுவார்கள். அதற்குக் கதம்பம் என்று பெயர்.

இதெல்லாம் தெரியாத ஒரே ஆள் என் நாத்தனார் மீனாட்சியம்மாள். என் கணவரின் அக்கா, எனக்கு மைனி. எழுபத்தாறு வயது. திருநெல்வேலி டவுனில் மகள் வீட்டில் இருக்கிறாள். மைனி பம்பாய்க்கு வருகிறாள் என்றால் டேக்சா, வாளி, பாட்டில், பழைய ஃப்ரிட்ஜ் எல்லாம் முதல் நாளே செல்வத்தின் டெம்போவில் கோவண்டிக்குப் போய்விடும். பூவை மட்டும் அனுப்ப முடியாது. கோவண்டியில் கரண்டு போகும், கெட்டுவிடும் என்பார். பச்சைப் பட்டாணிப் பையை முன்னால் வைத்து மறைத்துவிடுவார்.

அவர் போன பிறகு செல்வத்தை அழைத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஃப்ரீஸரில் இருந்த ஆறு பைகளை மட்டும் கொடுக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை. காலையில் பால் எடுக்கத் திறந்தால் அந்தக் கையெழுத்து தெரியும். பைகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடியில் மீனாட்சி என்று பெயர் வெட்டியிருக்கும். வருஷா வருஷம் சித்திரையில் மைனி வேப்பம்பூ காயவைத்து அனுப்புகிற டப்பா அது. அவருடைய தட்டில் இருந்ததால் நான் அதைத் திறந்து பார்த்ததில்லை.

மைனி வருஷத் திவசத்துக்காக வந்தாள். திதி எது என்று பஞ்சாங்கம் பார்த்து முடிவு செய்ததும் அவள்தான். எனக்குப் போனில் தேதி சொன்னாள், நான் குறித்துக்கொண்டேன். திவசம் வியாழக்கிழமை. சனிக்கிழமையே தாதர் ஸ்டேஷனில் போய் இறக்கிக் கூட்டி வந்தேன். தம்பி போனதிலிருந்து தனக்குத் தூக்கம் இல்லை என்று டாக்ஸியிலேயே சொன்னாள். டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையை அரையாக உடைத்து ராத்திரி போடுகிறாள், அதற்கும் வருவதில்லை. சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று வேறு. அவள் படுக்க நான் ஒழித்துக் கொடுத்த இடம் அவருடைய கட்டில். வேறு கட்டில் வீட்டில் இல்லை.

திங்கட்கிழமை காலை எனக்குப் பென்ஷன் ஆபீசில் வேலை இருந்தது. நான் திரும்ப நேரமாகும், சர்க்கரைக்காரி காத்திருக்க வேண்டாம், எனக்காகப் பார்க்காமல் சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். பன்னிரண்டரைக்கு வீடு திரும்பினேன். மைனி சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"ஏட்டி விஜயா, நான் அனுப்புன வேப்பம்பூவை ஐஸ் பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிருக்கான்டி தம்பி. எனக்கே தெரியாதே. பூ கொஞ்சம் பெரிசு பெரிசா இருக்கு. குளிர்ல ஊதிருக்கும் போல. நெய்யில வறுத்து ரசம் வச்சிருக்கேன். சாப்பிடு."

ஒரு மணிக்கு அவள் படுக்கப் போய்விட்டாள். நான் முகம் கழுவி, தட்டு எடுத்து வைத்து, ரசப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன்.

புளிக்கும் பெருங்காயத்துக்கும் மேலே ஒரு வாசனை எழுந்தது. ஈரப் புல்லும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்த மாதிரி. ஒரு வருஷமாக என் சமையலறையில் இல்லாத வாசனை. மாதம் ஒரு ஞாயிறு ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து நான் விரட்டிக்கொண்டிருந்த அதே வாசனை. ஒரு கணம் அவர் வந்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ரசத்தில் கரண்டியை விட்டேன். நெய்யில் சுருண்ட இதழ்கள் மேலே வந்தன. அது வேப்பம்பூ இல்லை.

டப்பா மேடைமேல் இருந்தது. உள்ளே பாதி அளவுக்குப் பழுப்பேறிய ஹாப்ஸ். மூடியின் உட்பக்கத்தில் அவர் சீட்டு ஒட்டியிருந்தார். மைனிக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. நான் படித்தேன். இரண்டாயிரத்து இருபது அறுவடை, காற்று புகுந்துவிட்டது, உபயோகிக்காதே என்று எழுதியிருந்தது. கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

எடுத்து வைத்த தட்டை அப்படியே விட்டேன். அறை வாசலில் போய் எட்டிப் பார்த்தேன். மைனி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். லேசாகக் குறட்டை கேட்டது. சரி, தூங்குகிறாள், ஒரு வருஷமாகத் தூங்காதவள் என்று திரும்பி வந்தேன். பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஹாப்ஸ் பறிக்கப் போகும் பெண்கள் அந்த வாசனையிலேயே வயலில் தூங்கிவிழுவார்களாம். அவர் சொல்லி நான் சிரித்த விஷயம். நேற்று ராத்திரி போட்ட அரை மாத்திரை, காலையில் போட்ட பிரஷர் மாத்திரை, இப்போது ஒரு கும்பா ரசம். கெட்டுப்போன பூவில் வைத்த ரசம்.

மைனிக்கு எங்கே இருந்தாலும் மூன்று மணிக்குக் காப்பி வேண்டும். அவளை யாரும் எழுப்ப வேண்டியதில்லை, கடிகாரம் மாதிரி எழுந்து வந்து நிற்பாள். மூன்று அடித்தது. வரவில்லை. காப்பி போட்டேன். மூன்றரை ஆயிற்று. குறட்டைச் சத்தமும் நின்றிருந்தது.

செல்வத்துக்குப் போன் போட்டேன். எங்கேயோ கம்ப்ரஸர் ஓடும் சத்தத்துக்கு நடுவில் எடுத்தான். சொன்னேன். முதலில் சிரித்துவிட்டான். என் குரலைக் கேட்டு நிறுத்தினான்.

"அக்கா, டென்ஷன் எடுக்காதீங்க. உபயோகிக்காதேன்னா பீருக்கு எடுக்காதேன்னு அர்த்தம். டேஸ்ட் போயிரும், அவ்ளோதான், விஷம் கிடையாது. சார் நமத்துப்போன தீப்பெட்டிக்குக்கூட சீட்டு ஒட்டுவாரு. தூக்கம் நல்லா வரும். நீங்க போய் ஒரு குரல் கொடுத்துப் பாருங்க, எந்திரிச்சிருவாங்க."

சரி என்று வைத்துவிட்டேன். ஒரு குரல் கொடுப்பதுதான் எனக்கு முடியவில்லை. வாசலில் நின்றேன். அதே கட்டில், அதே பக்கம் சுவரைப் பார்த்த முதுகு, அதே மின்விசிறி. முந்தானை லேசாக அசைந்தது. மூச்சில் அசைகிறதா காற்றில் அசைகிறதா என்று தெரியவில்லை. மைனி என்று கூப்பிட்டேன். கூப்பிட்டதாக நினைத்தேன், சத்தம் வரவில்லை. உள்ளே நாலு எட்டு வைத்துத் தோளைத் தொட்டால் தெரிந்துவிடும். போன வருஷம் தொட்ட கை அது. வைத்த இடத்தில் சில்லென்று இருந்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. பின்னால் மேடைமேல் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மணி நாலு.

இந்தத் தடவை நான் எழுபது நிமிடம் உட்கார்ந்திருக்கவில்லை. செருப்புப் போடாமல் மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

மூன்றாம் மாடியில் சைனப் இருக்கிறாள். ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர். இரவு டியூட்டி முடித்து அன்றைக்கு வீட்டில் இருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். துண்டோடு கதவைத் திறந்தாள். எனக்கு ஹிந்தி நன்றாக வரும், ஆனால் அன்றைக்கு வரவில்லை. என் நாத்தனார் எழுந்திருக்கவில்லை, பீர்ப் பூவில் ரசம் வைத்துச் சாப்பிட்டாள் என்றேன். எவ்வளவு பீர் குடித்தார்கள் என்று கேட்டாள். குடிக்கவில்லை, சாப்பிட்டாள் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு என் முன்னால் இறங்கினாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சைனப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து மைனியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் முதுகு மைனியை எனக்கு மறைத்தது. அந்தப் பத்து விநாடியில் நான் எதிர்வீட்டு ரேடியோவைக் கேட்டேன், கீழே பாத்திரக்காரன் கூவுவதைக் கேட்டேன், எல்லாம் தனித்தனியாகக் கேட்டது.

பிறகு மைனியின் குரல் கேட்டது. தூக்கத்தில் கரகரத்த குரல்.

"யாருட்டி இந்தப் பிள்ளை? எனக்கு என்ன பேறுகாலமா, டாக்டரைக் கூட்டிட்டு வந்திருக்க?"

கதவோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சைனப் திரும்பிப் பார்த்து, ஆன்ட்டி உங்களுக்கும் பிரஷர் பார்க்கட்டுமா என்றாள்.

மைனிக்கு எல்லாம் பார்த்தாள். பிரஷர் சரியாக இருந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், அதுவும் சரி. டப்பாவை முகர்ந்து பார்த்தாள், போனில் என்னவோ தேடிப் படித்தாள். இந்தப் பூ தூக்கத்துக்கு ஆகும் என்று சிலர் கஷாயம் வைத்துக் குடிப்பதுண்டு. ஒரு கும்பா ரசத்தில் பயப்பட ஒன்றும் இல்லை, வயசும் அலைச்சலும் சேர்ந்து அசத்தியிருக்கிறது. ஆனால் மாத்திரை போடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, இன்றைக்கு அந்த அரை மாத்திரையும் வேண்டாம் என்றாள். நான் தமிழில் சொன்னேன். மைனி தலையாட்டினாள். சைனப்புக்குப் புதிதாகக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போன காப்பியைச் சுடவைக்கவில்லை, தொட்டியில் கொட்டினேன்.

அவள் போன பிறகு மைனி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். எதுக்குட்டி இப்படி வெளிறிப் போயிருக்க என்று கேட்டாள்.

முதலில் எளிதானதைச் சொன்னேன். தம்பி பீர் காய்ச்சினார், ஏழு வருஷமாக. நீங்கள் சாப்பிட்டது வேப்பம்பூ இல்லை, அந்தப் பீருக்குப் போடுகிற பூ. நீங்கள் வரும்போதெல்லாம் பட்டாணிப் பைக்குப் பின்னால் மறைத்து வைப்பார். மைனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாராயப் பூவா?"

"இதுல போதை கிடையாது மைனி. வெறும் பூதான்."

"போதை இல்லாததை எதுக்கு அவன் பட்டாணிக்குப் பின்னால ஒளிச்சு வச்சான்?"

அப்போ நான் அனுப்பின வேப்பம்பூ என்ன ஆச்சு என்று கேட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. ஒரு வருஷம் முழு டப்பாவையும் அவர் பீரில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தார், செல்வத்தாலேயே குடிக்க முடியவில்லை, கீழே தென்னை மரத்துக்கு ஊற்றினார்கள், காலி டப்பாவில் கெட்டுப்போன இந்தப் பூவைப் போட்டு வைத்துவிட்டார் போலிருக்கிறது, உங்களிடம் ரசம் பிரமாதம் என்று போனில் சொன்னது நான்தான் என்றேன்.

மைனியின் வயிறு குலுங்கியது. சத்தம் இல்லாமல்தான் அவள் சிரிப்பாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெளங்காத பய," என்றாள். "அவன் என் பூவைப் பீர்ல போட்டிருக்கான், நான் அவன் பூவை ரசத்துல போட்டிருக்கேன்." பிறகு, ரசம் என்னவோ மோசமில்லை, இன்னொரு கரண்டி நெய் விட்டிருக்கலாம் என்றாள்.

அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அடுத்ததை நான் சொல்லியிருக்க மாட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு நாலு மணிக்கே காப்பி போட்டேன். எழுப்பவில்லை. பேப்பர் படித்தேன், குறுக்கெழுத்துப் போட்டேன், ஆறின காப்பியைச் சுடவைத்தேன். ஐந்து பத்துக்குத்தான் உள்ளே போனேன். எழுபது நிமிடம் அவர் உள்ளே கிடந்தார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பார் மைனி.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது திட்டுவாள் என்று. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கணக்கு தப்பாகச் சொன்ன ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"நாலு மணியா? அவன் ரெண்டேகாலுக்கே போயிட்டானேட்டி."

எனக்குப் புரியவில்லை.

"திதி பாக்கணும்லா. அன்னைக்கு மூணு மணியோட அஷ்டமி போயி நவமி வந்துட்டு. உயிர் எப்பம் பிரிஞ்சுதுன்னு தெரியாம எந்தத் திதின்னு வைக்க? மகேசு கிட்ட டாக்டர் எழுதுன சீட்டைப் போன்ல படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டேகால்னு படிச்சான். அதான் அஷ்டமின்னு வச்சேன். நீ காப்பி போட்டது நவமிலட்டி. அதுக்கு முந்தியே அவன் போயாச்சு."

நான் எழுந்து பீரோவைத் திறந்தேன். அந்தத் தாள்கள் எல்லாம் ஒரு பழுப்புக் கவரில் இருந்தன. பாங்கு, பென்ஷன், சொசைட்டி என்று எத்தனையோ இடத்துக்கு அந்தக் கவரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கேட்கிறவர்களிடம் கவரோடு கொடுப்பேன், அவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். வேர்க்கடலை சுற்றி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிற ஆள் நான். இந்த ஒரு தாளை மட்டும் படித்ததில்லை.

காலனி டாக்டர் அன்று ஐந்தரைக்கு வந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்த தாள். ஆங்கிலத்தில் பெயர், வயது, தேதி. இறந்த நேரம் என்ற இடத்தில் சுமார் இரண்டு பதினைந்து என்று இருந்தது. உடம்பின் நிலையைப் பார்த்து நேரத்தைக் கணித்ததாகக் கீழே ஒரு வரி. சாப்பிட்டுப் படுத்துச் சரியாக ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன். சுமார் என்ற சொல்லை மட்டும் பலமுறை படித்தேன். எவ்வளவுதான் இழுத்துப் பார்த்தாலும் அந்தச் சுமார் நாலு மணி வரைக்கும் வரவில்லை.

மைனி என்னிடமிருந்து தாளை வாங்கி, மடிப்புக் கலையாமல் கவருக்குள் வைத்தாள். ஒரு வருஷமா இதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, மூன்று மணிக் காப்பி இன்னும் வரவில்லை என்று ஞாபகப்படுத்தினாள். அப்போது மணி ஐந்து.

வியாழக்கிழமை ஐயர் வந்து திவசம் நடத்திவிட்டுப் போனார். மகேஷ் புனேயிலிருந்து வந்திருந்தான். படையலுக்கு இலை போட்டு அவருக்குப் பிடித்ததை எல்லாம் வைக்கும்போது, மைனி ஒரு சின்னக் கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்து வைத்தாள். டப்பாவிலிருந்து இரண்டு சிட்டிகை எடுத்து, இந்தத் தடவை நெய் தாராளமாக விட்டு வறுத்திருந்தாள். மகேஷ் முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தான். பிடிச்சதைத்தானே வைக்கணும் என்றாள் மைனி. பாட்டிலைக் கொண்டு வந்து வைக்க அவள் சம்மதிக்க மாட்டாள், நானும் கேட்கவில்லை. ரசத்தோடு நிறுத்திக்கொண்டோம். காக்காய்க்கு வைத்த சோற்றில் அந்த ரசத்தை ஊற்றவில்லை. அது தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று மகேஷ் கேட்டான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

மறுநாள் காலையிலேயே செல்வம் வந்தான். வெள்ளிப் பைகள் ஆறையும் மேடைமேல் எடுத்து வைத்தேன். மைனி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படித்தாள். எண்பத்திரண்டு கிராம், முப்பத்தேழு கிராம். பதினொரு கிராமுக்குக்கூடத் தனிப்பை, தனிச்சீட்டு. பதினொரு கிராமை வைத்து அவன் என்ன செய்யப் போனான் என்று கேட்டாள். செல்வம் கதம்பத்தைப் பற்றி அவளுக்கு விளக்கினான். எல்லா மிச்சத்தையும் ஒன்றாகப் போட்டு முடிக்கிற பீர். போன டிசம்பரில் காய்ச்சவில்லை, சார் இல்லாமல் மனசு வரவில்லை என்றான். இதில் இரண்டு பை இன்னும் வாசனையாக இருக்கும், மற்றவை கசப்புக்கு ஆகும், காய்ச்சினால் ஒரு பாட்டில் உங்களுக்குத் தரட்டுமா பெரியம்மா என்று மைனியைச் சீண்டினான். அவள் கையை ஓங்கினாள், அடிக்கவில்லை.

பைகளை அவனிடம் கொடுப்பதற்கு முன் சீட்டுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். ஹேர் ஸ்ட்ரெய்ட்னரையும் அவனிடமே கொடுத்தேன். பூவையெல்லாம் அனுப்பிய பிறகு ஃப்ரீஸரின் மேல் தட்டு காலியாகக் கிடந்தது. உறைந்த பனியைச் சுரண்டித் துடைத்து, ஐஸ் தட்டை அங்கே வைத்தேன்.

டப்பாவில் இருந்த பழைய பூ மிச்சம். பீருக்கு ஆகாது, மாத்திரை போடுகிறவளுக்கு ரசத்துக்கும் ஆகாது. அதைத் துணிப்பையில் அடைத்துத் தலைமாட்டில் வைத்தால் வாசனைக்கே தூக்கம் வரும், சார் சொல்லியிருக்கிறார் என்றான் செல்வம். நான் மூன்றாம் மாடிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். முகர்வதில் தப்பில்லை என்றாள் சைனப். மைனி அவருடைய பழைய காட்டன் சட்டை ஒன்றின் கைகளை வெட்டி, இரண்டு சின்னத் தலையணை தைத்தாள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பூ உதிர்ந்து வெளியே வராமல் இருக்க நெருக்கமாகத் தையல் போட்டாள். டப்பாவைக் கழுவி வெயிலில் வைத்தாள், சித்திரையில் அனுப்ப வேண்டும் என்று.

சனிக்கிழமை அவளுக்கு ரயில். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும், இரண்டில் ஒன்றை என் கையில் கொடுத்து, போய்ப் படு என்றாள். எங்கே என்று கேட்டேன். கட்டில் எதுக்குக் கிடக்கு என்றாள். எனக்கு மதியம் தூக்கம் வராது மைனி என்றேன். "வரலேன்னா சும்மா கெட. நான் இங்கனதான் இருக்கேன். அஞ்சு மணிக்கு எழுப்புதேன்."

படுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பினேன். கன்னத்துக்குக் கீழே அந்தச் சட்டைத் துணி. அதற்குள் பழைய ஹாப்ஸ் நொறுங்கும் சத்தம், காய்ந்த இலைமேல் யாரோ நடப்பது மாதிரி. லேசாகப் பாலாடைக்கட்டி நாற்றமும் இருந்தது, அவர் சொன்னது சரிதான். மின்விசிறி சுற்றியது. சமையலறையில் மைனி என்னவோ உருட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து நான் உணர்ந்தது தோளில் ஒரு கை. வெதுவெதுப்பான கை, விரல்களில் காப்பித்தூள் வாசனை.

"ஏட்டி, மணி அஞ்சு. எந்திரி," என்றாள் மைனி.